வார்டுக்குள் விடாமலே வார்டில் வைத்திருப்பது எப்படி?

வாழ்த்துகள். இந்த மாதப் போஸ்டிங் பட்டியலில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘பி.எச்.’, அதாவது மாற்றுத்திறனாளி, என்று எழுதியிருக்கிறதா? பதற வேண்டாம். நீங்கள் மருத்துவக் கல்லூரி ஒன்றில் யூனிட் சீஃப். இதைவிடப் பெரிய தொல்லைகளையெல்லாம் ஃபைலுக்குள் வைத்துக் கட்டியவர்.

கல்லூரி வாசல் உங்கள் கையில் இல்லை, அது உண்மைதான். 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 1995 சட்டத்தில் 7 வகையாக இருந்த குறைபாடுகள் 21 ஆகின. உயர்கல்வி இட ஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 5 ஆனது. நீட் எழுதி, மெடிக்கல் போர்டு முன்னால் நின்று, போர்டு தள்ளினால் உச்ச நீதிமன்றம் வரை போய் சீட் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வரட்டும். நீதிபதிகள் காலை எட்டு மணிக்கு ரவுண்ட்ஸ் வருவதில்லை. நீங்கள்தான் வருகிறீர்கள்.

கீழே இருப்பவற்றில் புதிதாக எதுவும் இல்லை. பாதிக்கு மேல் நீங்களே செய்துகொண்டிருப்பவைதான். வரிசைப்படுத்தித் தருவது மட்டுமே என் வேலை. நர்சிங் டியூட்டர்களும் பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி ஆசிரியர்களும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

1. ஒவ்வொரு முறையும் புதிதாக ஆச்சரியப்படுங்கள்

அந்த மாணவர் சேரும்போதே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். யுடிஐடி அட்டை நகல், போர்டு அறிக்கை, தனக்கு என்னென்ன தேவை என்று ஒரு பக்கக் கடிதம். எல்லாம் டீன் ஆபீசில் பத்திரமாக இருக்கின்றன. அங்கேயே இருக்கட்டும். கடிதம் உங்கள் துறைக்கு வந்து சேர்ந்தால் முன்கூட்டி யோசிக்க வேண்டிவரும். யோசித்தால் ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டிவரும்.

மெடிசினில் சொன்னதை சர்ஜரியில் திரும்பச் சொல்லட்டும். சர்ஜரியில் சொன்னதை ஓஜியில். பிறகு பீடியாட்ரிக்ஸ், ஆர்த்தோ, இஎன்டி, கண், தோல், மனநலம். சின்னப் போஸ்டிங்குகள் சில வாரங்கள்தான். முதல் வாரம் அவர் விளக்குவதில் போகும், அடுத்த வாரம் நீங்கள் “பார்க்கலாம்” என்று சொல்வதில் போகும். மூன்றாவது வாரம் அவர் வேறு யூனிட்டில் முதலிலிருந்து ஆரம்பித்திருப்பார்.

விளக்கம் கேட்கும் இடமும் முக்கியம். உங்கள் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக் கேட்டால் விஷயம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வார்டு நடுவில், பேட்ச் முழுக்கச் சுற்றி நிற்கும்போது, 14-ஆம் பெட் நோயாளியின் மாமியாருக்கும் கேட்கும்படி ஆரம்பியுங்கள்.

“ஏம்ப்பா, உனக்கு என்ன பிரச்சினை? பொறந்ததுலேர்ந்தேவா?”

தசைச்சிதைவு உள்ள மாணவர் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தரையில் உட்காரச் சொல்லி, கையைத் தொடையில் ஊன்றி எழுந்திருக்கச் சொல்லுங்கள். “கவர்ஸ் சைன். எல்லாரும் நல்லா பாத்துக்குங்க.” நல்ல கேஸ் கிடைக்காத நாட்களில் இது பெரிய உதவி. பெட்டில் படுத்திருப்பவரிடமாவது பேச்சுக்கு ஒரு சம்மதம் கேட்கிறோம். இவரிடம் அதுவும் வேண்டாம், அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் உங்கள் கையில் இருக்கிறது.

2. சதவீதத்தைக் கேளுங்கள்

“எத்தனை பர்சென்ட்?” இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 40-க்குக் கீழே என்றால், “அப்புறம் உனக்கு எதுக்குச் சலுகை?” 80-க்கு மேலே என்றால், “அப்புறம் நீ எதுக்கு டாக்டருக்கு வந்தே?” இடைப்பட்டவர்களிடம் இரண்டையும் கேட்கலாம், தப்பில்லை.

“இதை நீ எப்படிச் செய்வாய்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். செய்து காட்டிவிடுவார். விரல் குறைந்த கையோடு பிறந்தவர் சட்டைப் பொத்தான் போடுவதற்கும் ஸ்கூட்டர் ஓட்டுவதற்கும் என்றைக்கோ வழி கண்டுபிடித்தவர். தையல் போடவும் ஒரு வழி வைத்திருப்பார். அதைப் பார்த்துவிட்டால் மறுபடி பார்க்காத மாதிரி இருப்பது கடினம்.

2019-இல் மருத்துவக் கவுன்சில் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு வாசகம் உண்டு. எம்.பி.பி.எஸ். படிக்க இரண்டு கைகளும் முழுமையாக, உணர்வோடும் போதிய வலுவோடும் இருக்க வேண்டும் என்று. அதை லேமினேட் செய்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். அதற்குப் பின்னால் நடந்தவற்றைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 2024 அக்டோபரில் பேச்சுக் குறைபாடுள்ள மாணவர் ஒருவரின் வழக்கில், சதவீதம் மட்டுமே ஒருவரைத் தகுதியற்றவராக்கிவிடாது, படிப்பைத் தொடர முடியுமா என்று போர்டு ஆராய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதே மாதம் தசைச்சிதைவால் 88 சதவீதக் குறைபாடுள்ள மாணவருக்கு ஆதரவாக இன்னொரு தீர்ப்பு. 2025 பிப்ரவரியில், அந்த ‘இரண்டு கைகள்’ வாசகத்துக்கே எந்தப் புனிதமும் இல்லை என்று சொல்லி ஒரு மாணவரைக் கல்லூரிக்குள் அனுப்பியது. யாராவது இதையெல்லாம் எடுத்துச் சொன்னால், “அது அட்மிஷனுக்குப்பா, இது வார்டு” என்று சொல்லிவிடுங்கள்.

3. அன்பாக இருங்கள்

இந்தக் கையேட்டில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள். திட்டினால் புகார் வரும். அன்பை எதிர்த்து எவராலும் மனு எழுத முடியாது.

“நீ உக்காரும்மா. அவங்கல்லாம் பாத்துப்பாங்க.”

இப்படித் தொடங்குங்கள். கேஷுவாலிட்டியா? நெரிசல், இடித்துவிடுவார்கள், வேண்டாம். லேபர் வார்டா? ராத்திரி பூராவும் நிற்க வேண்டும், வேண்டாம். தியேட்டரா? டேபிளைச் சுற்றி இடமே இல்லை. ஐசியூவா? ஒயர் தடுக்கும். பாவம், அந்தப் பிள்ளையை எதற்குக் கஷ்டப்படுத்துவானேன்? மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பக்கம் ஃபேனுக்கு அடியில் ஒரு மேஜை போட்டுக் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதட்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் படிவங்களை நிரப்பட்டும். கையெழுத்து நன்றாக இருந்தால் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வேண்டிய ரிஜிஸ்டர்களையும் எழுத வையுங்கள்.

மாணவி விடமாட்டார். “சார், நான் நைட் டியூட்டி பாக்குறேன். லேபர் வார்டுல உயரமா ஒரு ஸ்டூல் மட்டும் இருந்தா போதும் சார்.”

ஸ்டூல் விஷயத்துக்குள் போகாதீர்கள். அது ஸ்டோரிலேயே கிடக்கும். “உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்” என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டாம் முறை கேட்டால் அவர் அப்பாவை வரச் சொல்லுங்கள். பெண்ணுக்கு 22 வயது, ஓட்டுப் போடுகிறாள், பாதி மருத்துவம் படித்துவிட்டாள். அதெல்லாம் இருக்கட்டும். அப்பா ஊரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து உங்கள் அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் நிற்பார். “நாங்க பாத்துக்கிறோம், நீங்க மார்க்கைப் பத்திக் கவலைப்படாதீங்க” என்று சொன்னால் கைகூப்புவார். கையெடுத்துக் கும்பிட்ட அப்பாவுக்கு எதிராக எந்தப் பெண்ணும் வாய் திறக்கமாட்டாள்.

இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. அவருக்குப் போடாத நைட் டியூட்டியை யாராவது பார்க்க வேண்டும் அல்லவா? பேட்ச்மேட்டுகள் தலையில் போடுங்கள். ஒரு மாதத்தில் ஹாஸ்டலில் முணுமுணுப்பு கிளம்பிவிடும். டியூட்டி வேண்டாம் என்றது நீங்கள்தான், அவர் இல்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

கடைசியில் லாக் புக்கைத் திறங்கள். பார்த்த பிரசவங்கள்: இல்லை. போட்ட கதீட்டர்: இல்லை. கேஷுவாலிட்டி டியூட்டி: இல்லை. சிவப்பு மசியில் எழுதுங்கள்: “போதிய செய்முறை அனுபவம் இல்லை.” எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

4. மருத்துவம் என்றால் ஓட்டம் என்று நிறுவுங்கள்

இப்போது கொஞ்சம் மூத்தவர், ஹவுஸ் சர்ஜன். காலில் காலிப்பர், கையில் ஒற்றை ஊன்றுகோல். எம்.பி.பி.எஸ். முடித்து வந்தவரை அன்பால் மட்டும் உட்கார வைக்க முடியாது. இங்கே வேறு அளவுகோல் தேவை.

ஹவுஸ் சர்ஜன் என்பவர் யார்? விதிமுறையைக் கேட்டால், 12 மாதம் துறை துறையாகச் சுழன்று, மேற்பார்வையில் நோயாளியைப் பார்த்து முடிவெடுக்கப் பழகுபவர். வார்டைக் கேட்டால், ரத்தம் எடுத்த குப்பிகளோடு மூன்றாவது மாடியிலிருந்து லேப் வரை ஓடுபவர். சிடி ஃபிலிமுக்காகப் பழைய பிளாக்குக்குப் போய் வருபவர். ரத்த வங்கி ஜன்னலில் சண்டை போடுபவர். ட்ராலி தள்ள ஆள் இல்லாவிட்டால் தள்ளுபவர். நமக்கு இந்த இரண்டாவது வரையறைதான் தேவை, அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

மூச்சுத்திணறலோடு வந்த பெரியவருக்குக் கோளாறு இதயத்திலா நுரையீரலிலா என்று கழுத்து நரம்பைப் பார்த்தே சரியாகச் சொல்லிவிட்டாரா அந்த ஹவுஸ் சர்ஜன்? சொல்லட்டும். “ரிப்போர்ட் வாங்கிட்டு வர எவ்வளவு நேரம்ப்பா?” என்று கேளுங்கள். குப்பியை எடுத்துப் போக வேண்டிய பணியாளர் இடம் காலியாகக் கிடப்பதைப் பற்றி யாரும் பேச்செடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்தால் ஓடத் தெரிவதுதான் டாக்டருக்கு அழகு என்று இத்தனை வருடமாக நாம் நம்பவைத்தது கெட்டுப்போகும்.

எச்சரிக்கை ஒன்று. பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வார்கள். “நீ கேஸ் ஷீட்டும் ட்ரிப்பும் பாரு, லேபுக்கு நான் போறேன்.” ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிகிற உடன்பாடு. கண்ணில் பட்டதும் கலைத்துவிடுங்கள். “ரோஸ்டர் போட்டது நானா, நீங்களா? எல்லாருக்கும் ஒரே ரூல்தான்.” சமத்துவம் என்ற சொல்லை இந்த இடத்துக்காகவே சேமித்து வைத்திருந்தோம், பயன்படுத்துங்கள்.

நர்சிங் டியூட்டர்களுக்கு வேலை இன்னும் சுலபம். நர்சிங் கவுன்சிலின் சேர்க்கை விதியிலேயே, ஒதுக்கீடு என்பது காலில் 40 முதல் 50 சதவீதக் குறைபாடு உள்ளவருக்குத்தான் என்று வழியைக் குறுக்கி வைத்திருந்தார்கள். அதையும் தாண்டி வந்தவரை எழுபது கிலோ நோயாளியைத் தனியாளாகப் புரட்டச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் இதற்கு இரண்டு பேர் வேண்டும் என்று போட்டிருக்கிறது, தனியாகத் தூக்கினால் எவருக்கும் முதுகு போய்விடும் என்றும் போட்டிருக்கிறது. அது பரீட்சைக்கு.

5. ராம்ப்பை வீணாக்காதீர்கள்

ராம்ப் இருக்கிறது, இன்ஸ்பெக்‌ஷன் போட்டோவில்கூட வந்திருக்கிறது. மற்ற நாட்களில் அதன் மேல் டூவீலர் நிறுத்தலாம், காலி ஆக்சிஜன் சிலிண்டர் அடுக்கலாம். மேல் முனையில் கிரில் கேட், கேட்டுக்குப் பூட்டு, சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் ஷிப்டு மாறிப் போயிருப்பார்.

லிஃப்ட் கதவில் ‘நோயாளிகளுக்கு மட்டும்’ என்று எழுதுங்கள். மாணவர் ஏறினால் ஆபரேட்டர் இறக்கிவிடட்டும். உங்களைக் கண்டால் சல்யூட் அடித்து நேராக மேலே கொண்டுபோகட்டும்.

குறைபாடுள்ளவர்களுக்கென்று கட்டிய கழிப்பறையில் சலைன் பெட்டிகளை வையுங்கள். பெண்கள் டியூட்டி ரூமைப் படியேறிப் போகிற மாடியிலேயே தொடருங்கள்.

ஒரு விஷயம் மட்டும் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரிலுள்ள கட்டடங்களிலேயே சக்கரத்தில் வருகிறவர்களுக்காகக் கட்டியது மருத்துவமனை ஒன்றுதான். ஸ்ட்ரெச்சர் போகிற இடத்துக்கெல்லாம் வீல்சேரும் போகும். வார்டு, தியேட்டர், எக்ஸ்ரே, எல்லாமே. இதை யாரும் யோசித்துப் பார்த்துவிட்டால், “நம்ம ஹாஸ்பிடல் அதுக்கெல்லாம் தோதுப்படாது சார்” என்ற வாசகத்தை நீங்கள் பிறகு உபயோகிக்க முடியாது.

6. முதுகைக் காட்டிப் பேசுங்கள்

காதுக் கருவி போட்ட மாணவியா? முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், நோயாளியைப் பார்த்துக் குனியுங்கள், முக்கியமானதை முணுமுணுங்கள். அவர் உதட்டைப் பார்க்க முன்னால் வந்து நின்றால், “பின்னாடி போம்மா, மத்தவங்களுக்கு மறைக்குது.” திரும்பக் கேட்டால், “அப்புறம் சொல்றேன்.” அப்புறம் என்பது உங்கள் யூனிட்டில் இதுவரை வந்ததில்லை.

ஒலியைப் பெருக்கித் தரும் மின்னணு ஸ்டெதாஸ்கோப் கொண்டுவந்தால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். “இதெல்லாம் குறுக்கு வழி. எக்ஸாம்ல எக்ஸ்டர்னல் ஒத்துக்கமாட்டார்.” இதயத்தின் இரைச்சலைத் திரையில் அலையாகக் காட்டும் கருவியும் இருக்கிறது, அதை நினைவுபடுத்த வேண்டாம்.

இந்த இடத்தில் யாராவது உங்களையே உற்றுப் பார்க்கக்கூடும், தயாராக இருங்கள். மைட்ரல் வால்வு சுருங்கினால் வருகிற அந்தத் தாழ்ந்த முரல் உங்கள் காதுக்குக் கேட்டுப் பல வருடமாகிறது. அதனால்தான் ஸ்டெதை வைத்த வேகத்தில் எடுத்து, “எக்கோ பாத்துருங்க” என்கிறீர்கள். கேஸ் ஷீட்டின் பொடி எழுத்தை, “நீ படிப்பா” என்று பிஜியிடம் தள்ளுகிறீர்கள். நீண்ட ஆபரேஷனில் உங்களுக்கு ஸ்டூல் போடுகிறார்கள். பையைத் தூக்க ஒருவர், கார் கதவைத் திறக்க ஒருவர். இவற்றுக்கெல்லாம் நீங்கள் ஒரு நாளும் சான்றிதழ் காட்டியதில்லை, மெடிக்கல் போர்டு முன்னால் நின்றதில்லை. காட்டவும் வேண்டாம். சீனியாரிட்டி 21 வகைப் பட்டியலில் வராது.

7. கண்ணுக்குத் தெரியாததை நம்பாதீர்கள்

ஊன்றுகோலாவது கண்ணில் படுகிறது. பார்த்தால் நன்றாக இருக்கிறவர் வந்து தனக்குக் கற்றல் குறைபாடு என்றால்? “நீட் எப்படி பாஸ் பண்ணே?” என்று கேளுங்கள். அவர் மெதுவாகப் படிப்பவர். ஒரே மாதிரி எழுத்துள்ள மருந்துப் பெயர்களை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்ப்பவர். அதாவது மருந்து கொடுக்கிற ஒவ்வொருவரும் செய்ய வேண்டியதைச் செய்பவர். அதனாலேயே ரவுண்ட்ஸை அவர் தாமதப்படுத்துகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட படிவமும் சரிபார்ப்புப் பட்டியலும் கேட்டால் அது சோம்பேறித்தனம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கென்று 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. உங்கள் தியேட்டர் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. அதைச் சர்ஜன்களுக்கான சலுகை என்று யாரும் சொல்வதில்லை, நீங்களும் ஆரம்பித்து வைக்காதீர்கள்.

தலசீமியா, ஹீமோஃபீலியா, சிக்கிள் செல் மூன்றும் சட்டத்தின் 21-இல் உண்டு. தலசீமியா உள்ள மாணவருக்குச் சில வாரங்களுக்கொரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதே மருத்துவமனையில், இரண்டு மாடி கீழே, டே கேர் வார்டில் கையை நீட்டிக்கொண்டு படுத்திருப்பார். மேலே உங்கள் ரிஜிஸ்டரில் ஆப்சென்ட் போடுங்கள். கிளினிக்ஸுக்கு 80 சதவீத வருகை வேண்டும் என்பது விதி. மருத்துவ மாணவர் மருத்துவமனைக்குள் இருந்த நேரத்தை வருகையாக எடுக்கலாமா என்று கிளார்க் கேட்டால், “எந்தப் பக்கம் படுத்திருந்தார்னு பாருப்பா” என்று சொல்லுங்கள்.

மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிற மாணவர் வந்து சொன்னால், “இந்தக் காலத்துல யாருக்குத்தான் டென்ஷன் இல்ல?” இது போதும். அடுத்த தடவை வந்து சொல்லமாட்டார்.

8. நோயாளியின் பாதுகாப்பை அடிக்கடி இழுங்கள்

இந்தச் சொற்றொடருக்கு முன்னால் எல்லோரும் தலைகுனிந்துவிடுவார்கள். எதற்கு வேண்டுமானாலும் உபயோகியுங்கள்.

கணக்கு வைக்கும் முறை இது. இரண்டு கையும் நன்றாக உள்ள மாணவர் நரம்பு கிடைக்காமல் மூன்று தடவை குத்தினால் அது கற்றல். கையில் குறையுள்ள மாணவர் முதல் தடவை தவறவிட்டால் அது ஆதாரம். முதல் தடவையே சரியாகப் போட்டால் அது தற்செயல்.

நோயாளியின் சம்மதத்தையும் துணைக்கு அழையுங்கள். மற்ற மாணவர்கள் பன்னிரண்டு பேர் வரிசையாக அந்தக் கிழவர் வயிற்றை அமுக்கியபோது கேட்காததை இப்போது கேளுங்கள். “ஐயா, இவரு பாத்தா உங்களுக்குப் பரவாயில்லையா?” குரலில் போதிய தயக்கத்தைச் சேர்த்தால் அவருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று புரிந்துவிடும்.

ஆனால் சர்க்கரை நோயால் காலை எடுத்தவர்கள் படுத்திருக்கும் வார்டுக்குச் செயற்கைக்கால் வைத்த ஹவுஸ் சர்ஜனை அனுப்பிவிடாதீர்கள். அங்கே உங்கள் ஏற்பாடு கெட்டுவிடும். மூன்று நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஆட்டோக்காரர் திரும்பி உட்காருவார். “தம்பி, பேன்ட்டைக் கொஞ்சம் தூக்குங்க, பாப்போம். இதை வச்சுக்கிட்டு பிரேக் மிதிக்க முடியுமா? பஸ் ஏறுவீங்களா? வெயில்ல புண்ணாகுமா?” என்று கேட்பார். உங்கள் ரவுண்ட்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்த பெட்டுக்காரரும் நெருங்கி வருவார். காலை எடுக்கச் சம்மதிக்காமல் நான்கு நாளாக இழுத்தடிக்கிற ஒருவர் கடைசிப் பெட்டில் இருப்பார், அவரும் கேட்டுக்கொண்டிருப்பார். இப்படியெல்லாம் நடந்தால் அந்த ஹவுஸ் சர்ஜனால் சிகிச்சைக்கு லாபம் என்று யாராவது எழுதிவிடுவார்கள். உடனே அவரை ரெக்கார்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

9. மேரி வர்கீஸைச் சொல்லி அடியுங்கள்

சாதித்தவர்களின் கதை கைவசம் இருந்தால் சாதாரண மாணவரை நன்றாக மடக்கலாம். வேலூரின் மேரி வர்கீஸ் நல்ல தேர்வு. 1954-இல் சாலை விபத்து, முதுகுத்தண்டில் அடி, கால்கள் செயலிழந்தன. பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தார். 1972-இல் பத்மஸ்ரீ. சுரேஷ் அத்வானியையும் சேர்த்துக்கொள்ளலாம். போலியோவால் சக்கர நாற்காலி, முதலில் இடம் தர மறுத்த மும்பைக் கல்லூரி, அதன் பிறகு நாடறிந்த புற்றுநோய் மருத்துவர், பத்மபூஷண்.

சொல்லிவிட்டு, “அவங்க எல்லாம் லிஃப்ட் கேட்டாங்களா?” என்று முடியுங்கள்.

முழுக்கதையையும் சொல்ல வேண்டாம். மேரி வர்கீஸால் உட்கார்ந்து ஆபரேஷன் செய்ய முடியும் என்று முதலில் யோசித்தவர்களில் ஒருவர் அவருடைய மேலதிகாரியான பால் பிராண்ட். அதற்கேற்ற வேலையைத் தேடினார்கள். கை அறுவை உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. தியேட்டருக்குள் சக்கர நாற்காலியை விட்டார்கள். அவரிடம் மன உறுதி இருந்தது, சந்தேகமே இல்லை. கூடவே ஒரு துறைத்தலைவரும் இருந்தார். அந்தப் பாத்திரம் கதையில் வந்தால் கேட்பவர்கள் திரும்பி உங்களைப் பார்ப்பார்கள், ஆகவே அதை வெட்டிவிடுங்கள்.

10. கமிட்டி போடுங்கள்

மாணவர் எழுத்தில் கேட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். விவரம் தெரிந்த மாணவர். தேவையான, நியாயமான மாற்று ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்று சட்டத்தின் வரையறையிலேயே இருப்பதை மேற்கோள் காட்டியிருக்கிறார். கல்லூரியின் சமவாய்ப்புக் கொள்கை அறிக்கை எங்கே, குறைதீர்ப்பு அதிகாரி யார் என்றும் கேட்டிருக்கிறார். முடியாது என்று எழுதினால் அந்தத் தாள் நீதிமன்றத்துக்குப் போகும். ஆகவே முடியாது என்று ஒருபோதும் எழுதாதீர்கள். “கமிட்டியின் பரிசீலனைக்கு அனுப்பப்படுகிறது” என்று எழுதுங்கள்.

கமிட்டியில் டீன், ஆர்எம்ஓ, இரண்டு துறைத்தலைவர்கள், ஒரு எஞ்சினியர். குறைபாடுள்ள ஒருவரும் வேண்டாம், அவர் பாரபட்சமாகப் பேசிவிடுவார். கூட்டம் மாடி கான்ஃபரன்ஸ் ஹாலில். மாணவரை அழையுங்கள். படியேறி வர முடியவில்லை என்றால், “அழைக்கப்பட்டிருந்தும் ஆஜராகவில்லை” என்று மினிட்ஸில் பதியுங்கள்.

தேதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. போஸ்டிங் நான்கு வாரம் என்றால் கமிட்டி ஆறாவது வாரம் கூட வேண்டும். ஸ்டூலுக்கு ஒப்புதல் வரும்போது அவர் கண் வார்டில் இருப்பார். கண் வார்டில் ஸ்டூல் ஏற்கெனவே இருக்கிறது. “மாணவரின் கோரிக்கை தற்போது எழவில்லை” என்று ஃபைலை மூடிவிடலாம்.

11. டிசம்பர் 3-க்குத் தயாராகுங்கள்

இத்தனைக்குப் பிறகும் சிலர் பாஸாகி, ஹவுஸ் சர்ஜன்சியும் முடித்து, டாக்டராக வெளியே போய்விடுகிறார்கள். மனம் தளராதீர்கள். அவர்களைக் கல்லூரியின் பெருமையாக அறிவித்துவிடுங்கள். ஆண்டு மலரில் முழுப்பக்கப் படம் போடுங்கள்.

டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாள். சிறப்பு விருந்தினராக அழையுங்கள். ‘தடைகளைத் தகர்த்தவர்’ என்று பேனர் அடியுங்கள். தடைகளை அவர் பெயர் சொல்லி எண்ண ஆரம்பித்தால் சங்கடம், அதனால் பேச மூன்று நிமிடம் கொடுங்கள். உங்களுக்கு இருபது. அவரை முதன்முதலில் கண்டுகொண்டது நீங்கள்தான் என்பதை இந்த இருபதில் சொல்லிவிடலாம். பின்வரிசையில் இந்த வருடப் பேட்சின் ஊன்றுகோல் மாணவர் உட்கார்ந்திருப்பார், அவரைப் பார்த்தும் ஒரு தடவை கையசையுங்கள்.

ஆடிட்டோரியம் மேடைக்குப் படிகள் மட்டும்தான். இரண்டு பிஜிக்களை நிறுத்தி வையுங்கள், நாற்காலியோடு தூக்கி ஏற்றட்டும். போட்டோகிராபரிடம் சொல்லிவிடுங்கள்: தூக்கும்போது எடுக்க வேண்டாம், பொன்னாடை போர்த்தும்போது எடுத்தால் போதும். “வேண்டாம் சார், நான் கீழ இருந்தே பேசுறேன்” என்று அவர் சொன்னால், மைக் ஒயர் அவ்வளவு தூரம் வராது என்று சொல்லிவிடுங்கள்.